வலமாகத் திருப்பிய தடம்

எங்கள் அச்சகத்தில் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று சுவரில் தொங்குகிறது. இன்னொன்று பெரியவர் அய்யாதுரையின் வாயில் இருக்கிறது.

சுவரில் இருப்பதை அவருடைய மகன் மணிகண்டராஜ் லேமினேட் செய்து மாட்டினார். ‘வாடிக்கையாளர் கொடுத்த ஃபைலில் கை வைக்கக் கூடாது. வைத்தவருக்கு இங்கே வேலை இல்லை.’ மூன்று வருடங்களுக்கு முன்னால் டிசைன் பிரிவில் இருந்த ஒருவர், ஒரு ஜவுளிக்கடையின் போன் நம்பரில் ஓர் இலக்கம் தப்பு என்று தானாகவே முடிவு செய்து திருத்திவிட்டார். கடைக்காரர் கொடுத்த நம்பர்தான் சரி. காலண்டர்கள் மொத்தமும் பழைய பேப்பருக்குப் போயின, அவரும் வீட்டுக்குப் போனார். மறுநாள் இந்தப் பலகை வந்தது. அடியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அதில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. சிவபாண்டி, ப்ளேட் செக்‌ஷன், அதாவது கம்ப்யூட்டர் ஃபைலை அச்சுத் தகடாக்குகிற இடம்.

பெரியவரின் சட்டம் அதைவிடப் பழையது. எந்த ஆர்டர் ஆனாலும் மெஷினிலிருந்து வரும் முதல் தாள் அவர் மேசைக்குப் போக வேண்டும். மூலையில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு நிமிடம் பார்ப்பார். அந்த முதல் தாளில் எதுவும் இடப்பக்கமாகச் சுற்றக் கூடாது. சங்கு, கொடி, பூக்கோலம், தரைச்சக்கரம் எல்லாம் வலமாகத்தான் சுற்ற வேண்டும். ஒருமுறை மிட்டாய்க்கடை காலண்டரில் ஜிலேபி இடமாகச் சுற்றுகிறது என்று ப்ளேட்டையே மாற்றச் சொன்னார். பிள்ளையாரின் தும்பிக்கையை மட்டும் விட்டுவிடுவார். அது அவர் இஷ்டம் என்பார். மற்றபடி, “என்னலே சிவபாண்டி, இது எடப்பக்கமால்ல சுத்துது, வெளங்குமா?” என்று தாள் திரும்பி வந்துவிடும். ப்ளேட் ஒன்று வீணாகும், மெஷின் அரை மணி நேரம் நிற்கும்.

அதனால் அவர் கேட்பதற்கு முன்பே செய்துவிடுவது என் வழக்கம். முதல் தாளில் இடமாகச் சுற்றுகிற படம் இருந்தால் ப்ளேட்டுக்கு அனுப்பும்போது கண்ணாடியில் தெரிவதுபோலப் புரட்டிவிடுவேன். எழுத்துகள் தனி அடுக்கில் இருப்பதால் அவை அப்படியே இருக்கும். இருபத்திரண்டு வருடங்களில் ஒரு வாடிக்கையாளர்கூடக் கண்டுபிடித்ததில்லை. ஜிலேபிக்கு ஏது இடம் வலம்? மகனுக்கு ஜிலேபி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரியாது. அப்பா சுவரைப் படிப்பதில்லை. இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று பார்க்காமலே காலம் ஓடிக்கொண்டிருந்தது, ஆர்த்தி மேடம் வரும் வரைக்கும்.

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளிவந்து, ஆர்டர்கள் குவியத் தொடங்கியிருந்த நேரம். ஆர்த்தி சிவகாசிப் பெண்தான். அப்பா பேப்பர் வியாபாரி. அந்தப் பெண் இயற்பியல் படித்து, ஜெனீவாவுக்குப் பக்கத்தில் பூமிக்கடியில் துகள்களை மோதவிடுகிறார்களே, அந்த வேலையில் சேர்ந்திருந்தார். மோதிய இடத்திலிருந்து சிதறிப் போகும் துகள்களின் தடங்களைப் படமாக வரைந்து காட்டும் நிரல் எழுதுவது அவர் பொறுப்பு. ஆக, அவரும் ஒரு வகையில் டிசைன் செக்‌ஷன்தான்.

அவர் கொண்டுவந்தது ஒரு கேள்வித்தாள். மாவட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி. மொத்தம் இருபது தாள்கள், தாளுக்கு ஒரு மோதல், மோதலுக்கு ஒரு கேள்வி. ஜெயிக்கிற ஒரு பிள்ளையைப் பத்து நாள் ஜெனீவாவுக்கு அழைத்துப் போய், அந்த எந்திரத்தையே காட்டுவார்கள். ஒரே ஓர் இடம். ரகசிய மேட்டர் என்பதால் ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார். சின்னவர் மணிகண்டராஜ் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தாகப் போட்டுக் கொடுத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டவரும் படிக்கவில்லை.

ஒவ்வொரு தாளிலும் இரண்டு படங்கள் இருந்தன. எனக்குப் புரியாது என்று நினைத்து மேடம் பொறுமையாக விளக்கினார்.

“அண்ணே, துகளப் பிடிக்கிற கருவி ஒரு பெரிய பீப்பா மாதிரி. நடுக்குழாயிலதான் மோதல் நடக்கும். பீப்பாவ வாய்ப்பக்கமா நின்னு பாத்தா வட்டமாத் தெரியும்ல, அது முதல் படம். தடமெல்லாம் நடுவுல இருந்து வளைஞ்சு வளைஞ்சு வெளிய போகும். சுத்தி கோணம் போட்டிருக்கேன், சைபர்ல இருந்து முந்நூத்தறுபது வரைக்கும்.”

“ரெண்டாவது, பீப்பாவ ஒரு பக்கமா வெட்டி விரிச்சு வச்சதாக்கும்?” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “எப்படிண்ணே?”

இதில் என்ன அதிசயம்? பட்டாசுக் குழாய்க்குச் சுற்றுகிற லேபிளை நாங்கள் விரித்துத்தான் அச்சடிக்கிறோம். குழாயைச் சுற்றி இருப்பதெல்லாம் தாளில் மேலும் கீழுமாக வந்துவிடும். மேடத்தின் விரித்த படமும் அதேதான். சுற்றுக் கோணம் செங்குத்தாக, குழாய் நீளத்துக்குத் தடம் எவ்வளவு சாய்கிறது என்பது குறுக்காக. ஒவ்வொரு தடத்தையும் அதில் இரண்டு கைகளாகப் பிரித்து வரைந்திருந்தார். இரண்டு கைகளும் சேரும் முனை, தடம் பீப்பாவின் வெளிச்சுவரைத் தொட்ட இடம். சில தடங்கள் ஆங்கில ‘வி’ எழுத்துப்போல நின்றன, சில கூரைபோலக் கவிழ்ந்து நின்றன. அது எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ப்ரூஃப் பார்த்து ஓகே சொல்லிவிட்டு அன்றே சென்னைக்குப் போய்விட்டார்.

மறுநாள் ப்ளேட் போடும்போது முதல் தாளைத் திரையில் பார்த்தேன். வட்டப் படத்தில் மஞ்சள் நிறத்தில் நீளமான ஒரு தடம், பக்கத்தில் சுருள் சுருளாக இன்னொன்று. இரண்டும் இடமாகச் சுற்றின. கை தன் வேலையைப் பார்த்தது. வட்டப் படத்தைப் புரட்டினேன். சுற்றிலும் இருந்த கோண எண்கள் எழுத்தடுக்கில் இருந்ததால் இடம் மாறவில்லை. விரித்த படத்தில் சுற்றுகிற சமாச்சாரம் எதுவும் இல்லை, அதனால் அதைத் தொடவில்லை. நினைத்துச் செய்ததென்றால்கூட ஒரு கௌரவம் இருந்திருக்கும். நான் அப்போது டீ வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் முதல் தாளில் சந்தனம் வைத்தார். “நல்லாத்தாம்லே சுத்துது. புதுசா எதும் புஸ்வாணமா?”

“ஆமா அண்ணாச்சி. வெளிநாட்டுச் சரக்கு.”

கட்டுக் கட்டி, சீல் வைத்து, டெஸ்பாட்ச் அறையில் அடுக்கினோம். அத்தோடு அந்த வேலை என் நினைவிலிருந்து போய்விட்டது.

என் வீடு சாத்தூரில். தினமும் பஸ்ஸில் வந்துபோகிற ஆள் நான். ஒரு வாரம் கழித்து வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், என் மகள் அழகுமீனா கூடத்தில் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். முன்னது அவள் அம்மாவின் சொத்து, பின்னது யாருடையது என்று வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது.

“அப்பா, இங்கன வாங்களேன். இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்.”

ஒரு வட்டம். பக்கத்தில் ‘வி’ எழுத்துகளும் கூரைகளுமாக ஒரு கட்டம்.

சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் போயிருந்த நான் அதைக் கீழே வைத்தேன். “இத யாரு குடுத்தா?”

“விருதுநகர்ல ரெண்டு சனிக்கெழமையா சொல்லிக்குடுக்காக. எங்க பள்ளிக்கூடத்துல இருந்து என் பேர சார் குடுத்துட்டாரு. வாற சனிக்கெழமை போட்டி. ஒரே ஒரு எடந்தாம்ப்பா. ஜெனீவா!”

சத்தமாகப் பேசாத பிள்ளை அந்த ஊர்ப் பெயரைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். விமானம் இறங்கியதும் எந்த டிராமில் ஏற வேண்டும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மதுரையைத் தாண்டி ஓர் ஊர் பார்த்ததில்லை.

“வட்டத்துல நடுவுல இருந்து வெளிய நடந்து போறதா நெனச்சுக்கோங்க,” என்று தொடர்ந்தாள். “உள்ள பெரிய காந்தம் இருக்கு. அதுதான் தடத்த வளைக்கும். சோத்துக்கைப் பக்கமாத் திரும்புனா நேர்மின். பீச்சாங்கைப் பக்கமாத் திரும்புனா எதிர்மின். விரிச்ச படத்துலயும் அதே சேதிதான். வி நேரா நின்னா நேர்மின், கூரையாக் கவுந்தா எதிர்மின். கை ரெண்டும் எம்புட்டுக்குப் படுத்துக் கெடக்கோ அம்புட்டுக்கு வேகம் ஜாஸ்தி.”

“அந்த வட்டத்த மட்டும் கண்ணாடியில காட்டுனா?”

“அம்புட்டும் மாறிப்போகும்ப்பா. எதிர்மின் நேர்மின்னா ஆயிரும். ஏன் கேக்கீக?”

“சும்மாதான்,” என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

அந்த ஒரு வாரம் என்ன செய்திருக்கலாம் என்று இப்போது எல்லோரும் எனக்குச் சொல்கிறார்கள். எனக்கே தெரியும். கட்டுகள் டெஸ்பாட்ச் அறையில்தான் இருந்தன. சின்னவரிடம் போய், முதல் தாளில் படத்தைப் புரட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சுவரில் என் கையெழுத்து இருந்தது. நாற்பத்தொன்பது வயதில் யார் எனக்குப் புது நாற்காலி போடுவார்கள்? மகளிடம் சொல்லலாமா என்றால், அது கேள்வித்தாளை வெளியே விடுவது. அந்த அளவுக்கு நான் போகவில்லை. ஆக, இருபதில் ஒன்றுதானே, எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே தாள்தானே, எல்லோருக்கும் ஒரே நஷ்டம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அதெல்லாம் சப்பைக்கட்டு. பயந்தேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை கட்டுகள் விருதுநகருக்குப் போயின. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மகளோடு நானும் போனேன். போட்டி ஒரு கல்லூரி அரங்கில். அறுபத்து நாலு பிள்ளைகள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் வந்த பிறகு, கடைசி ஆளாக அழகுமீனா வந்தாள்.

“எப்பிடி இருந்துச்சு?”

“நல்லாத்தான்ப்பா எழுதியிருக்கேன்,” என்றாள். பஸ்ஸில் சாத்தூர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்குச் செய்தி வந்தது. இரண்டு பேருக்குப் பத்தொன்பது மதிப்பெண். ஒன்று அழகுமீனா, இன்னொன்று அருப்புக்கோட்டைப் பக்கம் சரவணக்குமார் என்ற பையன். ஒவ்வொரு விடைக்கும் கீழே ‘காரணம்’ என்று ஒரு வரி எழுத வேண்டும். சமமாக வந்தால் மட்டும்தான் அந்தக் காரணங்களைப் படிப்பார்கள். படித்திருக்கிறார்கள். அந்தப் பையன் இருபதுக்கும் காரணம் எழுதியிருந்தான். அழகுமீனா ஒன்றுக்கு எழுதவில்லை. இடம் அவனுக்குப் போனது.

அவள் அழவில்லை. டிராம் எழுதிய நோட்டை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். கேள்வித்தாள்கள் மேசையில் கிடந்தன. முதல் தாளை எடுத்துப் பார்த்தேன்; மஞ்சள் தடம் நேர்மின்னா எதிர்மின்னா என்பதுதான் கேள்வி. வட்டப் படத்தில் மஞ்சள் தடத்தின் பக்கத்தில் பென்சிலால் ‘140’ என்று எழுதியிருந்தாள். விரித்த படத்தில் அதே தடத்தின் பக்கத்தில் ‘40’. மற்ற தடங்களுக்கும் இப்படியே. 75-க்கு 105. 10-க்கு 170. ஒவ்வொரு ஜோடியையும் கூட்டி, 180, 180, 180 என்று வரிசையாக எழுதி, கீழே ஒரு கோடு போட்டிருந்தாள். நான் புரட்டியதை எண்ணாலேயே பிடித்துவிட்டாள். கோண எண்களையும் சேர்த்துப் புரட்ட வேண்டியிருந்திருக்கும் என்பது இருபத்திரண்டு வருடங்களில் எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

அடுப்படி வாசலில் போய் நின்றேன். “ஒனக்குத் தெரிஞ்சிருக்கு.”

குழாயை மூடினாள். “மொத தாள்ல. ஒங்க வேலைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீங்கதான் ஜிலேபிக் கதைய நூறு வாட்டி சொல்லியிருக்கீகளே.”

“அப்பொறம் ஏன் தப்பான விடைய எழுதுன? விரிச்ச படத்தப் பாத்து எதிர்மின்னு எழுதியிருந்தா ஒனக்கு இருவது.”

“அது எப்பிடிப்பா எழுத முடியும்?” என்று திரும்பினாள். கோபம் வந்தால் அவளுக்கு மூக்கு நுனி சிவக்கும். “ரெண்டு படமும் ஒத்துவரல. ஒண்ணு பெரண்டு கெடக்கு. ஆனா எது பெரண்டதுன்னு தாள்ல எங்கயும் இல்ல. வட்டந்தான் பெரண்டதுன்னு ஒங்களத் தெரிஞ்சவுகளுக்குத்தான் தெரியும். அத எழுதணும்னா ஒங்களத்தான் எழுதணும். சுவத்துல என்ன தொங்குதுன்னு எனக்குத் தெரியாதா?”

“அதுக்காகக் காரணத்த விட்டுட்டியாக்கும்?”

“விடைய மாத்திப் போட்டேன். காரணத்தையும் பொய்யா எழுத மனசு வரல.”

மறுபடியும் குழாயைத் திறந்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பதினேழு வயதுப் பிள்ளை என் வேலைக்குக் காவல் நின்றிருக்கிறாள், நான் வேப்பமரத்தடியில் காற்று வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் சின்னவரின் அறைக்குப் போனேன். நேர்மை பிறந்து போனேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால் பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனேன். முதல் கேள்வி தப்பு என்று தெரிந்தால் அதை ரத்து செய்வார்கள். பிறகு இருப்பது பத்தொன்பது. அந்தப் பையன் தப்பு விட்டது வேறொரு கேள்வியில் என்று பள்ளிக்கூடத்து சார் மகளிடம் சொல்லியிருந்தார், அதனால் அவனுக்குப் பதினெட்டு ஆகும். அழகுமீனாவுக்குப் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. என் வேலை போகும், அவளுக்கு இடம் வரும். நல்ல பேரம் என்று தோன்றியது.

படத்தைப் புரட்டியதையும், மகள் அந்தப் போட்டியை எழுதியதையும் நான் சொல்ல, மணிகண்டராஜ் முழுக்கக் கேட்டார். பிறகு என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். “ரெண்டாவது கையெழுத்து ஒங்களுது.”

“ஆமா மொதலாளி.”

வெளி மேசையிலிருந்து பெரியவரின் குரல் வந்தது. “எடம் போறத வலமாக்குனது ஒரு குத்தமாடா?”

“அப்பா, நீங்க செத்த சும்மா இருங்க,” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

போட்டிக்காகத் திரும்பி வந்திருந்த ஆர்த்தி மேடம் ஊரில்தான் இருந்தார். மதியத்துக்குள் விடைத்தாள் பையோடு வந்துவிட்டார். வரும்போதே பள்ளிக்குப் போன் செய்து அழகுமீனாவையும் வரச் சொல்லியிருந்தார். முதல் தாளை மேசையில் வைத்து, நாற்பதிலும் நூற்று நாற்பதிலும் விரல் வைத்துப் பார்த்தார்.

“அறுபத்து நாலு பேர்ல அறுபத்தொரு பேர் இதத் தப்பா எழுதுனாங்க. கேள்வி கஷ்டம்போலன்னு நெனச்சேன்,” என்றார். “இந்தப் படத்த நான் ஆயிரம் தடவ பாத்திருக்கேன். அதனாலயே அச்சுல வந்தத ஒரு தடவகூடப் பாக்கல.” பிறகு என்னைப் பார்த்தார். “சங்குக்குப் பண்றத எலக்ட்ரானுக்குப் பண்ணியிருக்கீங்க.”

சங்குக் கதையைச் சின்னவர் போனில் சொல்லியிருக்க வேண்டும்.

“முதல் கேள்வி ரத்து,” என்றார். விடைத்தாள்களைப் புரட்டி இரண்டை வெளியே எடுத்தார். “சரவணக்குமார் விரிச்ச படத்த மட்டும் பாத்து எழுதியிருக்கான். வட்டத்தப் பாக்கவே இல்ல. அதனால அவனுக்குச் சரியா வந்திருக்கு. அது போயிட்டா பதினெட்டு. அழகுமீனா பத்தொன்பது.”

என் கணக்கு அச்சுப்பிசகாமல் வந்தது. ஒரு நிமிடம், வேலை போனால் போகட்டும் என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

மேடம் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்துச் சின்னவர் முன்னால் வைத்தார். ஆர்டர் கொடுத்த அன்று அவர் கையெழுத்துப் போட்ட அதே காகிதம். ‘இந்த வினாத்தாளைக் கையாண்ட எவருடைய குடும்பத்தினரும் போட்டியில் பங்கேற்கவில்லை.’ சின்னவர் அதை அன்றைக்குத்தான் படித்தார். படித்து முடித்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பத்து நாளைக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு போன் பண்ணியிருந்தா, இந்தத் தாளையும் மாத்தியிருப்பேன், ஒங்க மகளுக்கு எங்கிட்ட இருந்த வேற செட்டையும் குடுத்திருப்பேன். அத எழுதி அவ ஜெயிச்சிருப்பா,” என்றார் என்னிடம். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். “இப்ப வினாத்தாளக் கையாண்டவர் வீட்டுப் பிள்ளைக்கு நான் இடம் குடுக்க முடியாது. அவ பாக்கலன்னு எனக்குத் தெரியுது. மத்த அறுபத்து மூணு வீட்டுக்கும் எப்படித் தெரியும்?”

அந்த நேரத்தில்தான் அழகுமீனா வந்தாள். பள்ளிச் சீருடை, தோளில் பை, நெற்றியெல்லாம் வியர்வை. மேடம் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னார். கேள்வி ரத்து, பத்தொன்பதுக்குப் பத்தொன்பது, ஆனால் இடம் சரவணக்குமாருக்கு. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியாக ஒரு முறை என்னைப் பார்த்தாள். போன வாரமே தெரிந்திருந்தும் நான் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிய வந்தது. கண்ணாடியில் காட்டினால் என்ன ஆகும் என்று நான் கேட்ட கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூக்கு நுனி சிவந்தது.

“மேடம், என் விடைத்தாள ஒரு நிமிசம் தருவீகளா?”

“இதுக்கு மேல எழுதுனா மார்க் கெடையாதும்மா.”

“தெரியும். ஒரு வரி விட்டுப்போச்சு.”

மேடம் கொடுத்தார். அவள் என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்காமலே எடுத்தாள். முதல் கேள்வியில் ‘நேர்மின்’ என்று எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் ‘எதிர்மின்’ என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில், ஒரு வரிக்கான இடத்துக்குள் நெருக்கி நெருக்கி எழுதிக்கொண்டே போனாள். நான் பின்னால் நின்று படித்தேன்.

‘வட்டப் படத்தில் தடம் 140 பாகையில் உள்ளது. விரித்த படத்தில் 40 பாகையில் உள்ளது. எல்லாத் தடங்களுக்கும் இரண்டும் சேர்ந்து 180 வருவதால் ஒரு படம் இடவலமாகப் புரட்டப்பட்டுள்ளது. புரட்டப்பட்டது வட்டப் படம். அதைப் புரட்டியவர் என் அப்பா.’

முற்றுப்புள்ளி வைத்து, பேனாவை மூடி, என் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகினாள்.

ஆர்த்தி மேடம் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். மதிப்பெண் எழுதவில்லை.

என் வேலை போகவில்லை, நாற்காலிதான் போனது. பெரியவர் என்ன சொன்னாரோ, சின்னவர் என்னை பைண்டிங் பிரிவுக்கு மாற்றினார். அங்கே தாள்களை அடுக்கி ஓரம் தட்டுகிற வேலை. கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை.

மேடம் டிக் போட்ட அன்று சாயங்காலம் நானும் அழகுமீனாவும் சாத்தூர் பஸ்ஸில் ஒன்றாகத்தான் போனோம். அவள் எனக்கு முன்னால் ஏறி, இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் பையை வைத்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அச்சங்குளம் விலக்கு தாண்டும்வரை பை அங்கேயே இருந்தது. பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், என்னைப் பார்க்காமலே.